இரண்டு கலர் பாட்டில்கள்

நாற்பதைத் தாண்டிய நாலு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்தால், வேலை, சர்க்கரை அளவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு பேச்சு எப்படியும் சின்ன வயதில் தின்றதிலும் குடித்ததிலும் வந்து நிற்கும். அப்போது கோல்ட் ஸ்பாட் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தால் போதும், மேஜையே உருகிவிடும். "அந்த ருசி இப்ப எதுல இருக்கு?" என்பார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதே மேஜையில் பவண்டோ என்று சொல்லிப் பாருங்கள். யாரும் உருக மாட்டார்கள். "கீழே கடையில இருக்குமே, வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்பார்கள்.

இரண்டும் ஒரே காலத்தில், ஒரே பெட்டிக்கடையில், ஒரே ஐஸ் பெட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தவைதான். தென் மாவட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இரண்டும் பழக்கம். ஒன்றுக்குப் பெருமூச்சும் மற்றதற்குக் காசும் கிடைப்பதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். செத்தவருக்குக் கிடைக்கிற மரியாதைதான் கோல்ட் ஸ்பாட்டுக்குக் கிடைக்கிறது, ருசியில் அது அவ்வளவு பெரிய ஆள் இல்லை என்பது என் கட்சி.

வம்சாவளியைப் பார்த்தால் பவண்டோ வீட்டுக்காரர்கள்தான் மூத்தவர்கள். பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் காளிமார்க் கம்பெனியை 1916ல் தொடங்கினார். ஊர் விருதுநகர், ஆனால் அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது, விருதுபட்டி. பெயர் மாறியது 1923ல்தான். அந்த ஊர்ப்பிள்ளை காமராசருக்கு 1916ல் வயது 13. பருத்தி, மிளகாய் வற்றல், எண்ணெய், பருப்பு என்று எல்லாவற்றுக்கும் விலை பேசுகிற வியாபார ஊர் அது. வெயிலோ கேட்கவே வேண்டாம். சோடா விற்க அதைவிடத் தோதான இடம் அமையாது.

அந்தக் காலத்துச் சோடா என்றால் கோலி சோடா. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயை ஒட்டி உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள். உள்ளே அடைபட்ட வாயு கோலியை மேலே தள்ளி ரப்பரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். கட்டைவிரலாலோ மரக்கட்டையாலோ ஓர் அழுத்து அழுத்தினால் 'டப்'பென்று கோலி உள்ளே இறங்கும். கழுத்தில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும். சாய்த்துக் குடிக்கும்போது அந்தப் பள்ளம் கோலியைத் தடுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் கோலி உருண்டு வந்து வாயை அடைக்கும், நாம் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு நிற்போம். காளிமார்க், மதுரையில் மாப்பிள்ளை விநாயகர் என்று ஊருக்கு ஊர் சோடாக் கம்பெனிகள் இருந்த காலம் அது. பன்னீர் சோடா, இஞ்சி சேர்த்த சோடா, பிறகு வண்ணம் போட்ட இனிப்பு சோடா என்று இந்த வரிசை வளர்ந்தது. 1950களின் கடைசியில் இதே வரிசையில் வந்து சேர்ந்ததுதான் பவண்டோ. கருஞ்சிவப்பு நிறம், திராட்சை வாசனை, அடியில் கோலா மாதிரி ஒரு கனம்.

கோல்ட் ஸ்பாட்டின் ஊர் பம்பாய். பிஸ்கட்டுக்குப் பேர் போன பார்லே குடும்பத்தார் 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஆரஞ்சு பானம். விருதுநகர்ச் சரக்கு லாரி ஏறி அக்கம்பக்கத்து மாவட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் இது இந்தியா முழுக்கப் பரவிவிட்டது. 1977ல் ஜனதா அரசு வந்து, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்தபோது, அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைத்துக்கொள்ள மறுத்து கோக்கோ கோலா வெளியேறியது. அரசாங்கமே 'டபுள் செவன்' என்று ஒரு கோலாவைத் தயாரித்து விற்றுப் பார்த்தது. அது போன இடம் தெரியவில்லை. காலியான மைதானத்தில் பார்லே இறங்கி ஆடியது. தம்ஸ் அப் அந்த வருடம்தான் பிறந்தது. தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் மூன்றும் அடுத்த பதினைந்து வருடம் இந்தியாவின் தாகத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. இன்றைக்குக் கோல்ட் ஸ்பாட்டுக்காகப் பெருமூச்சு விடுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பதினைந்து வருடத்துப் பிள்ளைகள்தான்.

அந்தப் பிள்ளைகளிடம் கோல்ட் ஸ்பாட் போய்ச் சேர்ந்தது விளம்பரத்தால். 'ஜிங் திங்' என்ற அதன் முழக்கத்துக்கு அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஜீன்ஸ் போட்ட பையன்களும் பெண்களும் துள்ளுவார்கள், குதிப்பார்கள், பாட்டிலைச் சாய்ப்பார்கள். தியேட்டரில் நியூஸ் ரீலுக்குப் பக்கத்தில் அது ஓடும். பிறகு தூர்தர்ஷனில் ஓடியது. எங்கள் தெருவில் அப்படி உடுத்தின ஒருவரும் கிடையாது. அந்தப் பாட்டிலை வாங்கும்போது நாங்கள் வாங்கியது பாதி பானம், பாதி அந்த ஜீன்ஸ். ஒரு கட்டத்தில் மூடிக்குள்ளே ஜங்கிள் புக் படங்களைப் போட்டு அனுப்பினார்கள். மௌக்லிக்கும் பகீராவுக்கும் கடை வாசலில் நடந்த பண்டமாற்றுகளைப் பார்த்திருந்தால் விருதுநகர் கமிஷன் மண்டிக்காரர்களே அசந்திருப்பார்கள். படம் இல்லாத மூடிகளும் வீணாகவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோர்த்து முறுக்கி இழுத்தால் 'விர்ர்'ரென்று சுற்றும். அந்த விளையாட்டுக்குக் கோல்ட் ஸ்பாட் மூடியும் பவண்டோ மூடியும் ஒன்றுதான்.

பவண்டோவுக்கு அப்படி ஜீன்ஸ் போட்ட விளம்பரம் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. கடை நெற்றியில் தகரப் பலகை, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெயிண்ட், அவ்வளவுதான். அது நம்மிடம் வந்த வழியே வேறு. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினால், பந்தலோரத்தில் நிற்கிற சித்தப்பா, "வாங்க மாமா, மொதல்ல கலர் குடிங்க" என்று பாட்டிலை நீட்டுவார். கேட்காமலேயே உடைத்துக் கொடுத்துவிடுவது முறை. உடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாதே. பெண் பார்க்க வந்தவர்கள், பேறுகாலம் பார்க்க வந்தவர்கள், பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்க்க வந்தவர்கள் என்று எல்லாருக்கும் கலர் உண்டு. துக்க வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்து மயங்கிச் சாய்ந்த அத்தைக்குக்கூட முதலில் கொடுத்தது கலர்தான். கோல்ட் ஸ்பாட்டும் அந்தப் பெட்டியில் இருந்திருக்கலாம். ஆனால் பெரியவர்கள் கை போனது கருப்புப் பாட்டிலுக்கு. கறிச்சோறு தின்றபின் அது செரிக்க வைக்கும் என்று நம்பினார்கள். மருத்துவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், ஏப்பம் ஒப்புக்கொள்ளும்.

சாப்பாட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் தெரியும். கோல்ட் ஸ்பாட் தனி ஆள். சினிமா இடைவேளையில், ரயில் நிற்கிற அஞ்சு நிமிடத்தில், பரீட்சை முடிந்த மத்தியானத்தில் குடிப்பது. கூட வேண்டுமானால் ஒரு பொட்டலம் பாப்கார்ன். பவண்டோவுக்குத் துணை வேண்டும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் சுடுவது பத்தாது என்று எண்ணெயில் மூழ்கப் பொரித்து, மொறுமொறுவென்று நொறுக்கி, இலையில் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுவார்கள். மூன்றாவது பரோட்டாவில் நாக்கு எண்ணெயில் வழுக்கும், தொண்டையில் மிளகுக் காரம் நிற்கும். அந்த நேரத்தில் ஆரஞ்சு பானத்தைக் குடித்தால் இனிப்பு தனியாகவும் காரம் தனியாகவும் மல்லுக்கட்டும். பவண்டோ அப்படிச் செய்யாது. அதன் திராட்சைப் புளிப்பும் கடைசியில் வருகிற லேசான மருந்து வாசமும் சால்னாவோடு போய் உட்கார்ந்துகொள்ளும். பரோட்டாவும் பவண்டோவும் ஒரே ஊரில் பிறந்தது தற்செயலோ என்னவோ, ஒன்றுக்காக ஒன்று செய்தது மாதிரிதான் இருக்கிறது. மதுரையில் கறிதோசை, திண்டுக்கல்லில் பிரியாணி, எதோடும் அது ஒத்துப்போகும். தனியாகக் குடிக்கச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தியேட்டரில் ஜெயித்தது ஆரஞ்சுதான். அதை மறுக்க முடியாது. இடைவேளை விளக்கு எரிவதற்குச் சற்று முன்பே விற்கிற பையன் உள்ளே வந்துவிடுவான். கம்பிக் கூடையில் பாட்டில்கள். கையிலிருக்கிற ஓப்பனரை வரிசையாகப் பாட்டில் கழுத்துகளின் மேல் ஓட்டுவான். வசனம் எதுவாக இருந்தாலும் அந்தக் கிணுகிணு சத்தம் அதை அமுக்கிவிடும். பெஞ்சு டிக்கெட்டிலிருந்து "இங்க ஒண்ணு" என்று குரல் வரும். இருட்டில் பவண்டோ தெரியாது. புரொஜெக்டர் வெளிச்சத்தின் ஓரத்தில் ஆரஞ்சு மட்டும் பளபளக்கும். குடித்து முடித்தவர்கள் நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்வார்கள், யார் நாக்கு அதிகம் ஆரஞ்சு என்று. பாட்டிலை உருட்டிவிடுகிற வேலையும் நடக்கும். சரிவான தரையில் காலிப் பாட்டில் பெஞ்சுக் கால்களுக்கு நடுவே கடகடவென்று உருண்டு திரைக்குக் கீழே போய் முட்டும். அடுத்த நிமிடம் பையன் வந்து பாட்டில் கேட்பான். பாட்டில் கணக்கு அவன் தலையில்.

அந்தக் கண்ணாடிப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோளிலும் அடியிலும் சுற்றி வெள்ளையாய் ஒரு வளையம் தேய்ந்திருக்கும். பெட்டிக்குள் பாட்டிலோடு பாட்டில் இடித்து, லாரியில் குலுங்கி, கழுவி, நிரப்பி, மறுபடி இடித்து வந்த தழும்பு. கடையில் நின்றபடியே குடித்துவிட்டுப் பாட்டிலைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வேண்டுமென்றால் டெபாசிட் கட்ட வேண்டும். காசு இல்லையா, கடைக்காரர் பாலிதீன் பைக்குள் ஊற்றி, ஸ்ட்ராவைச் செருகி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார். பையில் ஊற்றிய கோல்ட் ஸ்பாட் பார்க்க அழகு. பையில் ஊற்றிய பவண்டோவை ஆஸ்பத்திரிச் சமாசாரம் என்று நினைத்து வழியில் விசாரித்தவர்கள் உண்டு.

இனி ருசி. கோல்ட் ஸ்பாட்டில் ஆரஞ்சுப் பழம் என்று ஒரு சொட்டும் கிடையாது. செயற்கை மணம், செயற்கை நிறம், சர்க்கரை, வாயு. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் "அசல் ருசி" என்று சத்தியம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த நாளில் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பானங்களில் மணம் தருகிற எண்ணெய் மேலே மிதந்து பிரியாமலிருக்க, புரோமின் ஏற்றிய தாவர எண்ணெயைச் சேர்க்கிற வழக்கம் உலகமெங்கும் இருந்தது. பானத்துக்கு அந்த லேசான மங்கலும் அதனால்தான். உடம்புக்கு ஆகாது என்று இந்தியா அதை 1990 வாக்கில் தடை செய்தது. அமெரிக்கா 2024ல்தான் தடை செய்தது. ஆக, எண்பதுகளின் நடுவில் ஆரஞ்சு கலர் குடித்தவரும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடித்தவரும் ஒரே ருசியைத்தான் சொல்கிறார்களா என்பதே சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பாட்டில்கூட மிச்சமில்லை. அதுதான் கோல்ட் ஸ்பாட்டின் பலம். நினைவில் இருக்கிறதைச் சரிபார்க்க வழியே இல்லை.

பவண்டோவுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக் குடித்து, "முன்ன மாதிரி இல்லப்பா" என்று சொல்லிவிடலாம். எல்லாரும் சொல்கிறார்கள். கண்ணாடிப் பாட்டிலில் இருந்த உறைப்பு பிளாஸ்டிக் பாட்டிலில் இல்லை என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிளாஸ்டிக் சுவர் வழியாக வாயு மெல்ல மெல்லக் கசியும், கண்ணாடியில் கசியாது. வெயிலில் நாள்கணக்கில் அடுக்கி வைத்த பெரிய பாட்டில் சப்பென்று இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. மீதிக் குறையெல்லாம் பானத்தின் மேல் சுமத்தக் கூடாது. பத்து வயது நாக்கு வேறு, ஐம்பது வயது நாக்கு வேறு. அந்த வயதில் கலர் என்பது திருவிழாவுக்கும் விருந்தாளிக்கும்தான். இப்போது நினைத்த நேரத்தில் கிடைக்கிறது.

கோல்ட் ஸ்பாட் எப்படிச் செத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1993ல் கோக்கோ கோலா திரும்பி வந்தது. வந்த கையோடு பார்லேயின் பானங்களை மொத்தமாக வாங்கியது. ஊர் ஊராகப் பாட்டில் நிரப்புகிற ஆலைகளும் கடைகளும் சேர்ந்து கிடைத்ததுதான் அதற்குப் பெரிய லாபம். தம்ஸ் அப்பையும் ஓரம் கட்டிவிடத்தான் பார்த்தார்கள் என்பார்கள். ஆனால் அதைக் குடிக்கிறவர்கள் கோக்குக்கு மாறவில்லை, அதனால் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் விற்கிறது. கோல்ட் ஸ்பாட் குடிக்கிறவர்கள் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் ஃபேன்டா வந்தது, அதுவும் ஆரஞ்சு, எடுத்துக் குடித்துவிட்டார்கள். நான் உட்பட. இப்போது உருகுகிற மேஜையில் அன்றைக்கு ஒருவராவது கடைக்காரரிடம் "ஃபேன்டா வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பவண்டோ தப்பித்ததற்கு ஒரு காரணம், அதை விற்றுவிட்டுப் போகிற அளவுக்கு வீட்டுக்காரர்கள் மனம் மாறாதது. மற்றபடி சிரமம் குறைவில்லை. பெரிய கம்பெனிகள் கடைக்கு ஃப்ரிட்ஜ் கொடுத்தன. சிவப்பு ஃப்ரிட்ஜில் சிவப்புக்காரர் சரக்கு, நீல ஃப்ரிட்ஜில் நீலக்காரர் சரக்கு. பவண்டோ வெளியே பெட்டியில், வெயிலில். கடைக்காரர் பிரியம் உள்ளவராக இருந்தால் கம்பெனி ஆள் வராத நாளில் கீழ்த் தட்டில் நாலு பாட்டிலைப் பின்பக்கமாகத் தள்ளி வைப்பார். "கூலிங்கா வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டு எடுத்துத் தருவார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வாயு அடைத்த பானங்களுக்கு 28 சதவீத வரியும் அதன் மேல் 12 சதவீதக் கூடுதல் வரியும் போட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிக்கும் அதே நாற்பது, விருதுநகரில் தொடங்கிய கம்பெனிக்கும் அதே நாற்பது.

அதே வருடம்தான் பவண்டோவுக்கு யோகமும் அடித்தது. ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தில் கோக், பெப்சி வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் விற்க மாட்டோம் என்று அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டானில் உள்ள கோக், பெப்சி ஆலைகளுக்குக் கொடுப்பதை எதிர்த்த வழக்கு மறுநாளே, மார்ச் 2 அன்று, உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. கோபத்துக்கு இன்னும் எண்ணெய். சென்னையில் பவண்டோ என்ற பெயரையே கேட்டறியாத கடைகளில் எல்லாம் அதைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். சினிமாவும் அதற்கு முன்பே தரையை உழுது வைத்திருந்தது. 2014ல் விஜய் மில்டனின் 'கோலி சோடா' கோயம்பேடு மார்க்கெட் பையன்களை வைத்து ஓடியது. அதே வருடம் வந்த 'கத்தி'யில் குளிர்பானக் கம்பெனியை எதிர்த்து நின்ற விஜய், அதற்கு முன் கோக்கோ கோலா விளம்பரத்தில் நடித்தவர். நம் மக்கள் இரண்டையும் ரசித்தார்கள். சில மாதங்களில் சிவப்பு ஃப்ரிட்ஜும் நீல ஃப்ரிட்ஜும் பழையபடி நிரம்பிவிட்டன. ஆனால் பவண்டோவை அப்போது முதல் முதலாகக் குடித்துப் பழகிய இளவட்டங்கள் கொஞ்சம் பேர் அதிலேயே நிலைத்துவிட்டார்கள். அவர்களுக்கு இது பழைய நினைவே இல்லை, புதுச் சரக்கு.

என் அக்கா மகள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். அவளிடம் கோல்ட் ஸ்பாட் பற்றி எவ்வளவு சொன்னாலும், "சரி மாமா, ஃபேன்டா மாதிரின்னு சொல்லுங்க" என்று முடித்துவிடுகிறாள். பவண்டோவைக் கையில் கொடுத்தால் முதல் வாயில், "இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்பாள். கூடவே இரண்டாவது வாயும் குடிப்பாள்.

பழைய பெயர்களைத் தோண்டி எடுத்து விற்கிற காலம் இது. காம்பா கோலாவை ரிலையன்ஸ் வாங்கி 2023ல் மறுபடி இறக்கியது. பார்லேயிடமிருந்து வாங்கிப் போட்ட ரிம்ஜிம்மைக் கோக்கோ கோலாவே திரும்பக் கொண்டுவந்தது. கோல்ட் ஸ்பாட் பெயரும் அவர்கள் பெட்டியில்தான் இருக்கிறது, என்றைக்காவது எடுப்பார்கள். எடுத்தால் ஒரு பாட்டில் வாங்குவேன், நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்பேன், "முன்ன மாதிரி இல்லப்பா" என்று நானும் சொல்வேன். அக்கா மகள் கல்யாணத்துக்குக் கலர் எத்தனை பெட்டி சொல்லலாம் என்று என்னைக் கேட்டால், பவண்டோ முப்பது பெட்டி, அதுவும் கண்ணாடிப் பாட்டிலில் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்வேன். ஆரஞ்சு வேண்டுமென்கிற பிள்ளைகளுக்கு எது கிடைக்கிறதோ அதில் ரெண்டு பெட்டி போட்டால் போதும்.